புகை விடாத எஞ்சின்

திருத்தணியில் நந்தியாற்றைத் தாண்டினால், விசைத்தறிக் கொட்டகைகள் வரிசையாக நிற்கும் தெரு ஒன்று உண்டு. அதன் கடைசியில் ஒரு காலி மனை. வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் அந்த மனையில் ஒரு எஞ்சின் ஓடும். அதற்கு ஒரு வேலையும் கிடையாது. நெல் அரைக்காது, தண்ணீர் இறைக்காது, பக்கத்துத் தறிக்கு மின்சாரம் கொடுக்காது. பழைய ரயில் தண்டவாளக் கட்டைகளின் மேல் உட்கார்ந்துகொண்டு, நீல நிற டிரம்மிலிருந்து தண்ணீரைக் குடித்துக்கொண்டு சும்மா ஓடும். கொஞ்ச நேரம் கழித்துத் தீனதயாளன் அதை நிறுத்தி, துணியால் துடைத்து, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வீட்டுக்குள் போய்விடுவார்.

தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். "இன்னா சார், மோட்டாரு எதுக்கு?" என்று கேட்பார்கள்.

"போட்டு எஞ்சின். படகுக்கு" என்பார் தீனதயாளன்.

"போட்டு எங்க சார்?" என்றால் பதில் வராது.

பதில் வராவிட்டால் என்ன, பக்கத்து வீட்டில் கேட்டால் வந்துவிடும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ரயில்வேயில் ரிட்டயர் ஆன ஒரு ஆள், கடலே இல்லாத ஊருக்குக் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்திய கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லி அனுப்புவார்கள். சிரிப்பதற்கு அதில் நிறைய இருக்கிறது, இல்லையென்று யார் சொன்னது? ஆனால் ஊர் சொல்வது பாதிக் கதைதான். மீதிப் பாதியில் சிரிப்பு இல்லாததால் அதை யாரும் எடுப்பதில்லை.

தீனதயாளன் அரக்கோணத்தில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் டீசல் ஃபிட்டராக வேலை பார்த்தவர். எஞ்சினைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் காதால் பார்த்துவிடுவார். தெருமுனையில் லாரி திரும்பும்போதே எந்த வால்வு சரியாக உட்காரவில்லை என்று சொல்வார். இந்தத் திறமையால் அவர் இழந்தது கொஞ்சம் இல்லை. ஒரே மகள் பானுப்ரியாவின் கல்யாணத்தில், தாரை வார்த்துக் கொடுத்த கையோடு மனுஷர் காணாமல் போனார். மண்டபத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் கறுப்பாகப் புகை தள்ளுவது அவர் மூக்குக்கு எட்டிவிட்டது. கெட்டிமேளம் கேட்டு எண்ணெய்க் கையோடு ஓடி வந்தபோது தாலி ஏறி முடிந்திருந்தது. பெண்ணின் அப்பா பார்க்காத தாலிகட்டு என்று சொந்தத்தில் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். ஜெனரேட்டர் மட்டும் அன்று ராத்திரி வரைக்கும் புகையே விடவில்லை.

அவர் மனைவி கன்னியம்மாள் நெசவுக் குடும்பத்துப் பெண். வீட்டு முன்கூடத்தில் அவளுக்குக் குழித்தறி. பக்கத்திலேயே அவள் தம்பி தணிகைமணி விசைத்தறி வைத்திருந்தான். அந்தக் காலி மனையும் அவனுடையதுதான். தம்பி கரண்டில் நெய்யட்டும், எனக்குக் காலும் கையும் போதும் என்று அவள் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து கண் உள்ளவரை பருத்திச் சேலை நெய்தாள். கோடையில் அவள் தறியைப் பார்த்துக்கொள்வது ஒரு அழகு. தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் காய்ந்தால் இழை பட்டுப் பட்டென்று அறுந்துபோகும். அதனால் குழியைச் சுற்றித் தரையில் தண்ணீர் தெளித்து, ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, சாக்கு காயக் காய மறுபடி நனைத்துக்கொண்டே இருப்பாள். கூடத்தில் நுழைந்தால் குளத்தோரம் வந்தது போல் குளுமையாக இருக்கும்.

கண் போக ஆரம்பித்ததும் அந்தத் தறியில்தான் தெரிந்தது. பாவில் ஒரு இழை அறுந்திருந்தது. அதைப் பார்க்காமலேயே முழுச் சேலையையும் நெய்து முடித்திருந்தாள். முந்தானை வரைக்கும் கோடு விழுந்த சேலையை வியாபாரி திருப்பி அனுப்பிவிட்டார். வயதாகிறது, வெள்ளெழுத்தாக இருக்கும் என்று கண்ணாடி மாற்றினார்கள். வெள்ளெழுத்து இல்லை, சர்க்கரை. கண்ணுக்கு உள்ளே ரத்தம் கசிகிறது என்று சென்னையில் டாக்டர் சொன்னார். "இருக்கிற பார்வையைக் கொஞ்ச காலம் காப்பாத்தப் பாக்கலாம்மா. போனதைத் திருப்பித் தர முடியாது."

அதே வருஷம்தான் தீனதயாளன் ரிட்டயர் ஆனார். கை சும்மா இருக்குமா? பழைய ஒர்க்‌ஷாப் சிநேகிதர் ஒருவர் சொல்லி, பழவேற்காட்டில் மீன் படகுகளுக்கு எஞ்சின் பார்க்கப் போக ஆரம்பித்தார். அங்கேதான் 'வசந்தா'வைப் பார்த்தார்.

உடம்பைப் பார்த்தால் மீன்பிடி விசைப்படகு. ஆனால் மீன் வாசனையே பட்டதில்லை. மூக்கு நன்றாக உயர்ந்து, நடுவில் கண்ணாடி போட்ட சுக்கான் அறை, அதற்குக் கீழே இரண்டு பேர் படுக்க இடம், டீ போட ஒரு மேடை. குடும்பத்தோடு கடலில் சுற்ற ஆசைப்பட்டுச் சென்னைப் பணக்காரர் ஒருவர் மரத்தில் கட்டியது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு, கடலைக் கண்டால் வாந்தி எடுக்கும் பிள்ளைகள் அதைப் பழவேற்காட்டு ஏரியில் கட்டிப்போட்டு மறந்துவிட்டார்கள். படகுக்காரர் முருகவேல்தான் காவல். தீனதயாளன் எஞ்சின் அறைக்குள் குனிந்து பார்த்தார். ஆறு சிலிண்டர் டீசல். மேலெல்லாம் துரு; உள்ளே நல்ல இரும்பு. அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

வாங்கப் போகிறேன் என்று சொன்னதும் வீடு இரண்டாகும் என்றுதான் நினைத்தார். கன்னியம்மாள் நூல் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"அதுல நான் ஒக்காரலாமா?"

"உன்னத்தான் மொதல்ல ஏத்துவேன்."

"வாங்குங்க. பொறந்ததுலர்ந்து குழிக்குள்ள கால வுட்டுகினே ஒக்காந்துகினு கீறேன். ஒரு தபா தண்ணிமேல ஒக்காந்து நாலு பக்கமும் பாத்துடணும். கண்ணு இருக்கும்போதே."

அவ்வளவுதான் அவள் கேட்டது. நகை கேட்கவில்லை, காசி ராமேஸ்வரம் கேட்கவில்லை.

தை மாதத்தில் ஒரு காலையில் படகைக் கைமாற்றிக்கொள்ள இருவரும் போனார்கள். முருகவேல் கைகொடுக்க, கன்னியம்மாள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி, முன்பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஏரி கண்ணெட்டும் தூரம் வரை வெயிலில் கிடந்தது. தூரத்தில், தண்ணீர் முடிகிற இடத்தில், நீளமாக ஒரு வெள்ளைக் கோடு.

"அது இன்னாங்க, யாரோ சேலை காயப்போட்டா மாதிரி?"

"பூநாரைம்மா" என்றார் முருகவேல். "இங்கர்ந்து பாத்தா வெள்ளையாத்தான் தெரியும். கிட்டப் போய் எழும்பிச்சுன்னு வைங்க, எறக்கைக்கு உள்ள அப்படியே செவப்பு. பங்குனி ஆச்சுன்னா போயிடும், அப்புறம் மழைக்காலம் முடிஞ்சாத்தான் வரும். நீங்க ஒக்காருங்க, இப்பவே ஒரு சுத்து சுத்திக் காட்டிட்டு வந்துடறேன்."

சொல்லிக்கொண்டே எஞ்சினைப் போட்டார். பின்பக்கம் குபுகுபுவென்று வெள்ளைப் புகை. தீனதயாளனுடைய முகம் சுருங்கியது. ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அவர் காது சொல்லிவிட்டது.

"நிறுத்துப்பா, நிறுத்து. இந்தப் புகையில எங்க போறது?"

"புகைதானே சார், ஓட்டத்துல ஒண்ணும் இல்ல. தெனமும் போட்டுகினுதானே கீறேன்."

"இல்ல, வேணாம். என் வூட்டுக்காரிய மொத மொதல்ல கூட்டிகினு போறேன். இருமிகினே போவணுமா? எறக்கி, எல்லாம் ரெடி பண்ணிட்டு, வர்ற தைக்குப் போலாம்."

"இப்பவே ஒரு சுத்து போயிட்டு வந்துடலாமே" என்றாள் கன்னியம்மாள்.

"சொன்னா கேளு கன்னி. ராணி மாதிரி போவணும் நீ."

அவள் அந்த வெள்ளைக் கோட்டை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, முருகவேல் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அந்தக் காலைநேரத்தைத் தீனதயாளன் பின்னால் எத்தனையோ முறை உட்கார்ந்து உருட்டிப் பார்த்திருக்கிறார். படகு மிதந்தது. எஞ்சின் ஓடியது. காற்று இல்லை. பறவை இருந்தது. அவளுக்குக் கண் இருந்தது. எல்லாம் கூடி வந்த ஒரே நாள், கொஞ்சம் புகைக்காகப் போனது.

படகைப் பழவேற்காட்டிலேயே வைத்து வேலை பார்த்திருக்கலாம். ஆனால் தினமும் அவ்வளவு தூரம் எவன் போவது? பெரிய டிரெய்லர் லாரியில் ஏற்றி, சுக்கான் அறையைத் தனியாகக் கழற்றி வைத்து, பெரியபாளையம், திருவள்ளூர் வழியாக ஊருக்குக் கொண்டுவந்தார். மின்கம்பி குறுக்கிட்ட இடமெல்லாம் தணிகைமணி மூங்கிலால் கம்பியைத் தூக்கிப் பிடித்தான். படகு மச்சானின் மனையில் இரும்புத் தாங்கிகள் மேல் நின்றதும் ஊரே வந்து பார்த்தது.

"மேல மலைல முருகன், கீழ எங்க பாவா கப்பல். இனிமே நம்ம ஊருக்குச் சுனாமி வந்தாலும் கவலையில்ல" என்றான் தணிகைமணி, அக்கா புருஷனைக் காட்டி.

ஆடிக் கிருத்திகை வந்தது. காவடி எடுத்து வந்த ஆந்திரா கூட்டம் ஒன்று வழிதவறித் தெருவுக்குள் நுழைந்தது. குளத்தில் சுவாமிக்குத் தெப்பம் விடும் சமயம் வேறு. இதுதான் தெப்பம் என்று முடிவு கட்டி, படகின் மூக்குக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரமும் ஏற்றிவிட்டார்கள். டீசல் கசிந்த இடத்தில் கற்பூரத்தைக் கண்ட தீனதயாளன் போட்ட சத்தத்தில் பாதிக் கூட்டம் அரோகரா சொல்லிக்கொண்டே ஓடியது. குங்குமம் மட்டும் வெகுநாள் இருந்தது.

அவருக்கு அது பொற்காலம். எஞ்சினை ஆணி ஆணியாகக் கழற்றினார். தேய்ந்த பிஸ்டன் வளையங்களை மாற்றினார், இன்ஜெக்டர் ஒவ்வொன்றையும் சென்னைக்கு எடுத்துப்போய்ச் சோதித்து வாங்கி வந்தார். கன்னியம்மாள் ஏணியில் ஏறி மதியச் சாப்பாட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தளத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். அங்கிருந்து மலையும் கோபுரமும் தெரியும். "இன்னைக்குக் கோபுரம் தெரியுது" என்பாள். சில நாள் ஒன்றும் சொல்லாமல் இறங்குவாள். சொல்லாத நாட்கள் கூடிக்கொண்டே போனதை அவர் அப்போது கவனிக்கவில்லை.

ஆடிக்கு முன்னால், முதல் கோடையிலேயே, பலகைகளுக்கு நடுவே மயிரிழை அளவு இடுக்கு விழுந்தது. கன்னியம்மாளின் விரல்தான் முதலில் அதைத் தடவிக் கண்டுபிடித்தது. மறுநாள் தீனதயாளன் வந்து பார்த்தால் படகின் இருபுறமும் ஈரச் சாக்கு தொங்குகிறது. அடியில் மண்ணெல்லாம் சேறு. கன்னியம்மாள் குடத்தோடு நிற்கிறாள்.

"இன்னா வேல இது?"

"காஞ்சு பிரியுதுங்க. தண்ணியிலயே கெடந்த மரம். பாவு காஞ்சா அறுந்துடுதுல்ல, அதுமாதிரிதானே?"

தீனதயாளன் இரும்பு மனுஷர். இரும்புக்குத் தண்ணீர் என்றால் துரு. மரத்துக்குத் தண்ணீர் என்றால் உளுத்துப்போவது. இதற்கு மேல் அவருக்குக் கணக்கு கிடையாது. சாக்கை ஒவ்வொன்றாக உருவிச் சேற்றில் வீசினார்.

"இது ஒண்ணும் உன் தறி இல்ல, தண்ணி தெளிச்சு நெய்யறதுக்கு. தெரியாத வேலையில கை வெக்காத."

கொட்டகையில் தறி ஓட்டுகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் சாக்குகளைப் பொறுக்கி அலசி, தன் தறி ஜன்னலிலேயே திரும்பத் தொங்கவிட்டாள். ஊரறியக் கட்டின பெண்டாட்டியிடம் அப்படிப் பேசியிருக்க வேண்டாம். பேசியதற்கு அன்று ராத்திரியாவது வருத்தப்பட்டிருக்கலாம். எஞ்சினுக்குப் புது வளையம் போட்ட மும்முரத்தில் அதுவும் படவில்லை.

தை வந்தது. டீசல் பம்புக்கு ஒரு சின்ன பாகம் கிடைக்கவில்லை. பழையதை வைத்தே ஓட்டலாம். ஆனால் கொஞ்சம் புகை வரும். "வர்ற தைக்கு" என்றார்.

எஞ்சின் முடிந்ததும் சுக்கான் அறை. அது முடிந்ததும் மெத்தை. அதற்குப் பிறகு வர்ணம், வர்ணத்தின் மேல் இன்னொரு கை வர்ணம். பழைய படகை எடுத்துச் சீர்செய்கிறவர்களுக்கு இது ஒரு வியாதி. முடிந்துவிட்டது என்று சொல்லவே வராது. முடிந்தால் அப்புறம் மிதக்க வேண்டுமே! கன்னியம்மாளுக்கு இடையில் கண்ணில் ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள். கூட்டிக்கொண்டு போனது சென்னையில் இருக்கும் பானுப்ரியா. இவர் படகுக்குப் பித்தளைக் கொக்கி தேடிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது தையும் தாண்டப்போகும் சமயம் பானுப்ரியா ஊருக்கு வந்தாள். படகுக்கு அடியில் நின்று மேலே பார்த்துப் பேசினாள்.

"நைனா, அம்மாவுக்கு ஒரு கண்ணு சுத்தமா போயிடுச்சு. இன்னொண்ணுல ஓரத்துல கொஞ்சம் தெரியுது. டாக்டர் உங்களாண்ட சொல்லச் சொன்னாரு."

"வர்ற ஆடிக்குள்ள முடிச்சிடுவேன்மா."

"அதுக்கு இல்ல நைனா. பழவேற்காட்டுல படகா இல்ல? ஏதோ ஒரு மீன் படகுல அம்மாவ நாளைக்கே ஒரு சுத்து கூட்டிகினு போய்ட்டு வந்துடுங்களேன். அந்தப் பறவைங்க இப்ப கீதாம். நான் விசாரிச்சேன்."

"நம்ம படகு இருக்கும்போது அடுத்தவன் படகு எதுக்கு? மீன் நாத்தத்துலயா உங்க அம்மா ஒக்காரணும்?"

"அலை ஓஞ்சு தலை முழுவுறதா நைனா?"

அவர் சிரித்தார். மகள் கெட்டிக்காரி, பழமொழியெல்லாம் சொல்கிறாள் என்று அவருக்குப் பெருமை. அந்தப் பழமொழி தன்மேல்தான் விழுந்தது என்பது உறைக்கவே இல்லை. பானுப்ரியா அம்மாவைத் தானே அழைத்துப் போவதாகச் சொல்லிப் பார்த்தாள். கன்னியம்மாள் வரமாட்டேன் என்றுவிட்டாள். "அவுரு மனசு வுட்டுடுவாருடி. ரெண்டு வருசமா எனக்காகத்தானே பாடுபடறாரு."

அடுத்த கோடையில் 'வசந்தா'வின் வயிற்றுக்குள் உட்கார்ந்தால் பலகை இடுக்கு வழியாகத் தெருவில் போகிற ஆளை அடையாளம் சொல்லலாம் என்று ஆகிவிட்டது. அடியிலிருந்து மேல்வரை வெயில் கோடு கோடாக உள்ளே விழுந்தது. தீனதயாளன் இடுக்கின் அளவு பார்க்க, வால்வு இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தார். எஞ்சினில் இடுக்கு என்றால் இறுக்க வேண்டும். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். கடையில் கிடைத்ததிலேயே கெட்டியான பிசின் மாவு, காய்ந்தால் கல்லாகிவிடும் ஒன்று, டப்பா டப்பாவாக வாங்கி வந்தார்.

பழவேற்காட்டில் இடுக்கைப் பஞ்சால் அடைப்பதைக் கன்னியம்மாள் முதல் நாளே பார்த்திருந்தாள். அப்போது கண் இருந்தது. தறியில் விழுந்த கழிவு நூலையெல்லாம் சேர்த்து, விரலால் தடவித் தடவித் திரித்து, எண்ணெயில் ஊறவைத்து ஒரு கூடை நிறையத் திரி கொண்டுவந்து வைத்தாள். பார்வை இல்லாவிட்டால் என்ன, முறுக்கு ஒரே சீராக இருந்தது.

"இத்தினி விளக்கா ஏத்தப் போறோம்?" என்று கேட்டுவிட்டு, தீனதயாளன் கூடையை ஏணிக்குக் கீழே நகர்த்தி வைத்தார். கல் மாவை அழுத்தி அழுத்தித் தேய்த்தார். காய்ந்ததும் தட்டிப் பார்த்தார், கணீரென்றது. முருகவேலிடம் போனில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. திரியெல்லாம் அந்தக் கார்த்திகை தீபத்துக்கு வீட்டில் எரிந்தது.

மூன்றாவது தையில் படகு மறுபடி லாரி ஏறியது. ஊரே தேர் இழுக்க வந்தது போல் கூடி வழியனுப்பியது. "கடைசியில தண்ணியப் பாக்கப் போவுது பாரு. இதத்தான் கண்ணு கெட்ட..." என்று ஆரம்பித்த தணிகைமணி, திண்டாடிப்போய் அக்காவின் முகத்தைப் பார்த்தான். எல்லோருக்கும் தெரிந்த பழமொழிதான். மிச்சத்தை அவன் முழுங்கிவிட்டு, கயிற்றைச் சரிபார்க்கிறவன் போல் அந்தப்பக்கம் போனான். கன்னியம்மாள் கேட்காதவள் போல் இருந்தாள். தீனதயாளனுக்குச் சுருக்கென்றது. முதல் தடவையாக அன்றைக்குத்தான்.

முதல் நாள் மதியம் கிரேன் வைத்து ஏரியில் இறக்கினார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. முருகவேல் பலகையைத் தடவி, நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "இன்னா சார் போட்டீங்க உள்ள? கல்லு மாதிரி கீது. மரம் ஊறினா எங்க போவும்?"

"ஒழுவுதா பாரு."

"ஒழுவல. ரெண்டு நாள் கெடக்கட்டுமே சார். பாத்துட்டுப் போலாம்."

"மூணு வருசம் கெடந்தது போதும்பா" என்றார் தீனதயாளன். இத்தனை நாள் அவசரமே படாத மனுஷருக்கு, காத்திருக்க வேண்டிய ஒரே இடத்தில் அவசரம் வந்தது.

மறுநாள் காலையில் கன்னியம்மாள் தானே நெய்த கடைசிச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. முன்பக்கத்துத் தாழ்ந்த தளத்தில் மெத்தை போட்டு உட்காரவைத்தார். எஞ்சினைப் போட்டார். அடடா, அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆறு சிலிண்டரும் ஒரே குரலில் பேசின. பின்பக்கம் ஒரு பொட்டுப் புகை இல்லை. முருகவேலே கைதட்டினார். தன் சின்னப் படகில் பின்னால் வந்தார்.

"போவுதாங்க?" என்றாள் கன்னியம்மாள்.

"போவுது. ஆட்டமே தெரியல பாத்தியா?"

"ஆங். காத்து நல்லா கீது."

அவள் முகத்தை நாலு பக்கமும் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டாள். பார்ப்பதற்கு வந்தவள் இல்லையா! தீனதயாளன் சுக்கானைப் பிடித்துக்கொண்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்டபடி இருந்தார். நடுவில் அடியிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. எஞ்சினில் இல்லாத சத்தம் என்பதால் அவர் அதைச் சட்டை செய்யவில்லை. ராத்திரியெல்லாம் தண்ணீர் குடித்து ஊறிய பலகை, உப்புவதற்கு இடம் தேடிக் கல்லோடு மோதிக்கொண்டிருந்தது. கல் விட்டுக்கொடுக்காது. ஆகவே பலகையைப் பிடித்திருந்த ஆணி விட்டது, அதைத் தாங்கிய உள்விலா ஒடிந்தது.

பூநாரைக் கூட்டம் நன்றாகத் தெரிகிற தூரம் வந்தபோது அவர் கீழே இறங்கி வந்தார். கன்னியம்மாள் காலை மடக்கி மெத்தைமேல் வைத்துக்கொண்டிருந்தாள். மெத்தையைச் சுற்றித் தண்ணீர்.

"கன்னி! எப்பலர்ந்து இது?"

"கொஞ்ச நேரமா காலு நனைஞ்சுகினே கீது."

"சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா திருப்பிடுவீங்க" என்றாள். "இன்னும் கிட்டப் போவலியே."

பம்பு போட்டார்கள். பம்பு எடுப்பதைவிட வருவது அதிகம். முருகவேல் தன் படகை ஒட்டி நிறுத்தி, கன்னியம்மாளைக் கைத்தாங்கலாக இறக்கி, வலைக்குவியல் மேல் உட்காரவைத்தார். ஏரியில் ஆழம் அதிகமில்லை, உயிருக்குப் பயமில்லை. தீனதயாளனையும் இழுத்துப் போட்டுக்கொண்டார். 'வசந்தா' ஒருபக்கமாகச் சாய்ந்து, சேற்றில் மெல்ல உட்கார்ந்தது. தண்ணீர் ஏறுகிறவரை எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

கரைக்குப் போக முருகவேல் மீன் படகைச் சுற்றுவழியில் விட்டார். வேண்டுமென்றே விட்டாரோ, மணல்திட்டுக்கு விலகி விட்டாரோ. படகு பூநாரைக் கூட்டத்துக்கு மிக அருகே போயிற்று. அத்தனை பறவையும் ஒரே சமயத்தில் எழுந்தன. ஏரியே சத்தமானது.

கன்னியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து தீனதயாளன் கையைப் பற்றினாள். மீன் நாற்றம் பிடித்த அந்தப் படகில் அவள் முகம் மலர்ந்து கிடந்தது.

"ஏங்க, அதுதானே? பறக்குதா? எறக்கைக்கு உள்ள செவப்பா கீதா? எப்படி கீதுன்னு சொல்லுங்களேன்."

தீனதயாளன் அப்போதுதான் திரும்பினார். அதுவரைக்கும் அவர் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார், எஞ்சின் சத்தம் அடங்கிய இடத்தையே பார்த்துக்கொண்டு. அவர் திரும்பியபோது வானம் காலியாக இருந்தது. தொலைவில் ஏதோ பொடிப்பொடியாகப் போனது. பறவை என்றும் சொல்லலாம், பார்வை மங்கல் என்றும் சொல்லலாம்.

"சொல்லுங்க."

பொய் சொல்லியிருக்கலாம். முருகவேல் சொன்ன சிவப்பையே திருப்பிச் சொல்லியிருந்தாலும் போதும். அவருக்கு வாய் வரவில்லை.

"நான் பாக்கல கன்னி" என்றார்.

அவள் பிடித்திருந்த கையை விடவில்லை. கொஞ்ச நேரம் அந்தச் சத்தம் போன திசையிலேயே முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

"அய்யோ" என்றாள், அவருக்காக வருத்தப்பட்டு. "கண்ணு இருந்துகினு நீங்களும் பாக்கலியா?"

படகின் உடம்பு இன்னும் பழவேற்காட்டுச் சேற்றில்தான் கிடக்கிறது. அதன்மேல் வலை காயப்போடுகிறார்கள். எஞ்சினை மட்டும் எடுத்துவந்து உப்புத் தண்ணீர் போகக் கழுவி, பழையபடி பூட்டி, மச்சான் மனையில் வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை அது ஓடும்போது கன்னியம்மாள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். நிறுத்திவிட்டு வந்ததும் கேட்பாள்.

"புகை வருதாங்க?"

"இல்ல" என்பார்.